பொங்கல் வைக்காத இன்னொரு வீடு

எங்களுக்குக் கடற்கரையோரம் ஒரு மனை இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் ஒரு புரோக்கர். அப்பா சொல்லவில்லை, அத்தை சொல்லவில்லை, முன்பின் தெரியாத ஒரு ஆள் போன் செய்து சொன்னார். பொத்தேரியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அன்று காலேஜில் ப்ராஜெக்ட் கொடுக்கக் கடைசி நாள். கடை வாசலில் ஒரு கூட்டமே பென்டிரைவை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நேரம் பார்த்து போன்.

"சார், மகாபலிபுரம் தாண்டி, ரோட்டுக்குக் கீழண்ட உங்க தாத்தா பேர்ல ஒரு எடம் கீது. குடுக்கற ஐடியா கீதா?"

ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தார். தாத்தாவின் பெயர், தாத்தாவுடைய அப்பாவின் பெயர், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமம், எல்லாவற்றையும் ஒப்பித்தார். கொள்ளுத்தாத்தாவின் பெயர் எனக்கே சரியாகத் தெரியாது. ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அப்பா இறந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் தள்ளிப்போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்கு வெள்ளையடிப்பதானாலும் சரி, பல்லைப் பிடுங்குவதானாலும் சரி, 'பார்த்துக்கலாம்' என்பார். ஒரே ஒரு காரியம் மட்டும் தவறாது. அமாவாசைக்கு அமாவாசை திருக்கழுக்குன்றம் போய்விடுவார். பஸ் பாஸ் இருந்தது, பக்தியும் இருந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். முட்டிவலிக்காரர் மலையேறுகிறாரே என்று அம்மா இருந்தவரை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். திரும்பி வந்ததும் வாசலில் செருப்பைத் தட்டுவார், பொலபொலவென்று மணல் கொட்டும். மலைக்கோயிலில் ஏது இவ்வளவு மணல் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பக்திமானின் செருப்பையா சோதனை போட முடியும்?

விஷயத்தைத் தங்கையிடம் சொன்னேன். அவள் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிறாள், ஐடி வேலை, தலைக்கு மேல் வீட்டுக்கடன். அரை மணி நேரத்தில் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். பட்டா தாத்தா பெயரில்தான் இருந்தது. "அண்ணா, கடவுள் இருக்காருண்ணா" என்றாள். கடவுளைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்து அத்தைக்கு அடித்தேன். அப்பாவின் தங்கை, செங்கல்பட்டில் இருக்கிறாள். எங்கள் வம்சத்தில் யார் யாருக்கு எந்த வருஷம் எந்தக் கடுக்கன் செய்தார்கள் என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. கேட்காமலே சொல்வாள், நிறுத்துவதுதான் கஷ்டம்.

"அத்தே, தாத்தாவுக்கு மகாபலிபுரம் பக்கத்துல எடம் இருந்துச்சா?"

எதிர்ப்பக்கம் சீரியல் சத்தம் மட்டும் கேட்டது.

"எடமா? எனக்கு இன்னாடா தெரியும்? வை, நாடகம் ஓடுது."

அத்தைக்குத் தெரியாத ஒன்று எங்கள் குடும்பத்தில் இருப்பதாவது. அப்போதே எனக்குள் ஒரு குறுகுறுப்பு உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு தங்கையும் நானும் அவள் காரில் போனோம். புரோக்கர் மெயின்ரோட்டில் பைக்கோடு நின்று வழிகாட்டினார். சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு சின்னத் தெரு. கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். தெருக்கோடியில் ஓட்டு வீடு ஒன்று, பக்கத்தில் தகரக்கொட்டகை. கொட்டகைக்குள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கடுக்காக, அண்டா குண்டான்கள், சுருட்டிய ஷாமியானா. கல்யாணம் காட்சிக்குப் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவரின் வீடு. எங்கள் மனை என்பது அந்த வீடும் கொட்டகையும் நிற்கிற இடம்தான். இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு முருங்கைமரம்.

அந்த மனிதருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். பந்தல்காரருக்கு மொட்டையடித்து முடி பிரஷ் மாதிரி வளர்ந்திருந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான், எனக்கும் அப்படித்தான். புரோக்கர் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே பஸ்ல திருப்பதி போய்ட்டு வந்தா மாதிரி கீது."

நான் சிரித்தேன். "திருப்பதியாண்ணே?" என்று அவரிடமும் கேட்டுவைத்தேன். "அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இங்கே எப்படி வந்தீர்கள் என்று தங்கை விசாரித்தாள். மேலதிகாரி மாதிரிதான் கேட்டாள், அவள் சுபாவம் அது.

"எங்கம்மா காலத்துலேர்ந்து கீறோம்மா. பெரியவரு ஒர்த்தரு இருந்துக்கச் சொன்னாரு."

"எந்தப் பெரியவரு?"

"அவரு பூட்டாரு."

கிளம்பும்போது அவரே கார் வரைக்கும் வந்தார். "எப்ப காலி பண்ணணும்னு சொல்லிடுங்க. பண்டபாத்திரம் நெறய கீது, அதுக்கோசரம் கேக்கறேன்" என்றார். தங்கைக்கு ஒரே சந்தோஷம். நல்ல மனுஷன், தகராறு பண்ணவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அதுதான் இடித்தது. அந்த ரோட்டோரம் சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அண்ணன் தம்பி அரிவாள் எடுக்கிறார்கள். இவர் இவ்வளவு வருஷம் குடியிருந்த வீட்டை, நாற்காலிக்கு வண்டி கிடைத்தால் போதும் என்று கொடுக்கிறார். பட்டா எங்கே, பத்திரம் எங்கே என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருடனாக இருந்தால் சண்டை போட்டிருப்பான், யோக்கியனாக இருந்தால் அதைவிட அதிகமாகப் போட்டிருப்பான்.

புரோக்கர் தை மாதத்தில் கிரயம் என்று நாள் குறித்துவிட்டார். பொங்கல் முடிந்ததும் பந்தல்காரர் காலி செய்துவிட வேண்டியது. தாத்தாவுக்கு வாரிசுச் சான்று வாங்கவேண்டும், அத்தை கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார்.

பொங்கல் வந்தது. எங்களுக்கு அந்த வருஷம் பண்டிகை இல்லை. தீபாவளியும் இல்லாமல்தான் போனது. பண்டிகை இல்லாத வீட்டில் பண்டிகையன்று இருப்பது பெரிய தண்டனை. கடை பூட்டி, மாணவர்கள் ஊருக்குப் போய், தெருவே பொங்கலோ பொங்கல் என்று கூவும்போது நாம் மட்டும் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்த என்னை மனைவி துரத்திவிட்டாள். "எங்கியாவது போய்ட்டு வா, தல சுத்துது எனக்கு."

பைக்கை எடுத்தேன். செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாக விட்டேன். முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றத்தில் நின்று ஆளை இறக்கிவிட்டு, அது பாட்டுக்கு மாமல்லபுரம் பக்கம் கிளம்பியது. அப்பா ஏறுகிற அதே பஸ். செருப்பு மணல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பஸ் பின்னாலேயே போனேன்.

அந்தச் சின்னத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் கலர் கோலம், கரும்பு, மஞ்சள் கட்டிய பானை. கடைசி வீட்டு வாசலில் மட்டும் தண்ணீர் தெளித்திருந்தது. கோலம் இல்லை. அந்த அம்மா வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பொங்கல் தூக்கை வாங்கிக்கொண்டிருந்தார்.

"உங்க வூட்ல வைக்கலியாம்மா?" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"எங்களுக்கு இந்த வருசம் பண்டிக இல்ல தம்பி. பங்காளி சாவு."

பங்காளி என்றால் தூரத்துச் சொந்தமோ, தெரிந்தவரோ இல்லை. ஒரே ஆண்வழியில் பிறந்தவர்கள். அவர்களுக்குத்தான் தீட்டு, அவர்களுக்குத்தான் வருஷம் முழுக்கப் பண்டிகை கிடையாது.

"யாரு? எப்ப?"

"ஆவணில" என்றார். யார் என்பதற்குப் பதில் சொல்லாமல் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா இறந்தது ஆவணியில். என் கை தானாகத் தலைக்குப் போனது. பதினாறாம் நாள் எடுத்த மொட்டை. புரோக்கர் சொன்னது சரிதான், இரண்டு பேரும் ஒரே நாளில் எடுத்ததுதான், திருப்பதியில் இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு, வேண்டுதலா என்று விசாரித்த என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல.

அவர் கொட்டகையிலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஒரு நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டு, எதிரே தானும் உட்கார்ந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"எங்கப்பா உங்களுக்கு அண்ணனா?"

"ஆமா தம்பி. அப்பா ஒண்ணு, அம்மா வேற."

தாத்தா வண்டியில் நெல் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகிறவர். போன இடத்தில் இன்னொரு குடும்பம். அந்த அம்மாவுக்காகத்தான் இந்த இடத்தை வாங்கிப் போட்டிருக்கிறார். பத்திரத்தை மட்டும் தன் பெயரிலேயே வைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்துவிட்டார். தள்ளிப்போடுவது எங்கள் பரம்பரை வியாதி என்று அன்றுதான் தெரிந்தது. அப்பா கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தத் தம்பியைத் தானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அன்றிலிருந்து அமாவாசை தவறியதில்லை. வந்ததும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கடலோரம் போய் உட்கார்ந்துவிடுவாராம், இரண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் பேசுவார்களாம். வீட்டில் நாங்கள் கேட்டால் உப்பு போதும் போதாது என்பதற்கு மேல் பேசாத மனிதர்.

"வூட்ல சொல்லிர்றேன், நேரம் பாத்துச் சொல்லிர்றேன்னு சொல்லிகினே இருந்தாரு" என்றார். "அவரு சொல்லாதத நான் எப்படித் தம்பி சொல்றது?"

"சாவுக்குக்கூடவா நீங்க வரல?"

அவர் என்னைப் பார்த்தார். "வந்தேனே. நீதான் சேர எங்க போடறதுன்னு கை காட்டுன."

அப்பா இறந்த அன்று எங்கள் வாசலில் ஷாமியானாவும் நாற்காலிகளும் வந்து இறங்கின. தங்கை ஏற்பாடு செய்தாள் என்று நான் நினைத்தேன், நான் செய்தேன் என்று அவள் நினைத்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து வண்டி பிடித்துக் கொண்டுவந்தவர் இவர்.

"அண்ணன் மொகத்த பாக்கணும். யாருன்னு கேட்டா இன்னா சொல்றது? சேர் எறக்கறவன ஒர்த்தரும் கேக்க மாட்டாங்க" என்றார். "நல்லாவே பாத்தேன். காலாண்ட கொஞ்ச நேரம் நின்னேன்."

எனக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அழுகையும் வந்தது. அவர் மனைவி பக்கத்து வீட்டுப் பொங்கலை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பண்டிகை இல்லாத இரண்டு பேரும் அடுத்த வீட்டுப் பொங்கலைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

காணும் பொங்கலன்று அத்தை வீட்டில் கூடினோம். தங்கையும் வந்திருந்தாள். அத்தை கட்டிக்கொடுத்த பெண். அண்ணன் செத்தால் அவளுக்கு மூன்று நாள் தீட்டோடு சரி. அவள் வீட்டில் பண்டிகை உண்டு, அடுப்படியில் பானையில் கட்டிய மஞ்சள்கொத்து வாடாமல் இருந்தது. டிவியில் பட்டிமன்றம் அலறிக்கொண்டிருந்தது. நான் கண்டுபிடித்ததையெல்லாம் சொன்னேன்.

"எவனோ எடத்த அமுக்கப் பாக்கறான்" என்றாள் அத்தை. "எங்கப்பாவுக்கு ரெண்டே புள்ளைங்க."

சீரியலில் இரண்டாவது குடும்பம் வந்தால் எச்சில் விழுங்காமல் பார்க்கிறவள். சொந்தக் கதை என்றதும் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினாள். நானும் குரலைக் கூட்டினேன்.

"அமுக்கறவன் எதுக்கு அத்தே மொட்ட போடறான்? எதுக்குப் பொங்கல் வைக்காம கெடக்கறான்?"

"பொங்க வைக்கலியா?"

"வாசல்ல கோலங்கூட இல்ல."

அவள் டிவியை அணைத்தாள். அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வெச்சேனே" என்றாள். "கூடப் பொறந்தவ நான் வெச்சேன். அவன் வைக்கலியா."

பிறகுதான் வாய் திறந்தது. தாத்தா செத்த அன்று அந்த அம்மா ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்ததையும், தெருமுனையோடு அவர்களைத் திருப்பி அனுப்பியதையும் அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். இதை வெளியில் பேசக்கூடாது என்று அவளுடைய அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். அவரும் போன பிறகு பேசியிருக்கலாம். "வெக்கமாப் போச்சுடா. இத்தினி நாளு இன்னா பண்ணேன்னு கேட்டா?" என்றாள்.

பிறகு தங்கை ஆரம்பித்தாள். அப்பா இறந்த அன்று அவருடைய போன் அவள் கையில்தான் இருந்தது. யாரோ ஒருத்தர் அடித்து அண்ணன் இருக்காரா என்று கேட்டாராம், இவள் விஷயத்தைச் சொன்னாளாம். "அதுக்கப்புறம் ஒண்ணுமே பேசலண்ணா, ஆனா லைன்லயே இருந்தாரு. எனக்கு ஆயிரம் வேலை, கட் பண்ணிட்டேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த வீடு அவருக்கே இருக்கட்டும். என் கடன் என்ன, நான் கட்டிக்கிறேன்" என்றாள். இரண்டு நாள் கழித்து மனம் மாறும் என்று நான் எதிர்பார்த்தேன். மாறவில்லை. இவளைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதியைத் திருத்தவேண்டியதாயிற்று.

புரோக்கர்தான் பாவம், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "கையில வந்தத இப்படி பேஜாராக்கிட்டியே அண்ணாத்த" என்றார்.

ஆனால் எங்களுக்கு மனம் இருந்தால் போதுமா? அந்த வீடு அவர் பெயருக்குப் போகவேண்டுமானால், தாத்தாவின் வாரிசு என்று அவரையும் எழுதவேண்டும். நாளைக்கு எங்கள் பிள்ளைகளோ, வேறொரு புரோக்கரோ வந்து அவரைக் கிளப்பாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. அதற்கு அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவர் தாத்தாவின் மகன் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவள் உலகத்திலேயே அத்தை ஒருத்திதான். அவளோ அங்கே முரண்டு பிடித்தாள்.

"வூட்டுக்குள்ள சொல்லிட்டேன், உடு. ஊர் ஆம்பளைங்கோ முன்னாடி எங்கப்பா இப்படின்னு என் வாயால சொல்லணுமா?"

மாசி மாதம் கிராம நிர்வாக அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அத்தையை நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். என்ன சொல்லப்போகிறாள் என்று வழியெல்லாம் கேட்டேன், அவள் ஆட்டோக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து பெரிய மனிதர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் தாத்தாவை மகான் ரேஞ்சுக்குப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் தம்பியோ உள்ளே வரவே இல்லை. கதவுக்கு வெளியே, உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நின்றார். ஒரு ஆயுசு முழுக்க அப்படி நின்று பழகியவர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஏம்மா, உங்க அப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"மூணு."

பெஞ்சில் புகழ்ச்சி நின்றது. அதிகாரி நிமிர்ந்தார். "வரிசையா சொல்லுங்க."

"பெரியவரு எங்கண்ணன், ஆவணில பூட்டாரு. நடூல நான்." இந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் பிசகியது. பிறந்ததிலிருந்து அவளை எல்லோரும் கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் அவளுக்குத் தலைகால் தெரியாத பெருமை. "கடைசி ஒர்த்தன். தோ, வாசல்ல நிக்கிறான் பாரு. எங்கப்பா காது அப்படியே கீது, எய்திக்க."

அதிகாரி எழுதினார். வெளியே அவர் இரண்டு கையாலும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சிறிது நேரம் கழித்து அவராகவே உள்ளே வந்தார், கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா," என்றார். "தண்ணி குடிக்கிறியா?"

அத்தை அவரை நிமிர்ந்து பார்க்காமல் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பி நீட்டினாள்.

"வெந்நி மாதிரி கீது. போயி சில்லுன்னு வாங்கியா."

அவர் ஓடினார்.